கேட்டீர்கள், சரி, முடிவு யார் கையில்?

நகர்ப்புற லிவிங் லேப் திட்டங்களை நடத்தும் மாநகராட்சி அதிகாரிகளுக்கும், பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும், வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு தெருவையோ பூங்காவையோ சதுக்கத்தையோ மாற்றி அமைப்பதற்கு முன் அங்கே புழங்குகிறவர்களிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. கிண்டலாகச் சொல்லவில்லை. வரைபடத்தை அலுவலக அறையிலேயே முடித்துவிட்டு, ஒரு நாள் காலையில் பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கத்தைவிட உங்கள் வழி எவ்வளவோ மேல். இருக்கிற இடத்திலேயே, இருக்கிற மக்களோடு, சின்ன அளவில் செய்து பார்ப்பது. ஒத்து வந்தால் நிலைப்படுத்துவது, வராவிட்டால் மாற்றுவது. லிவிங் லேப் என்ற யோசனையின் சாரம் இவ்வளவுதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வில்லியம் மிட்செல் போன்றவர்கள் 2000களின் தொடக்கத்தில் பேசிய இந்த யோசனைக்கு, 2006இல் ஐரோப்பிய லிவிங் லேப் வலையமைப்பு உருவான பிறகு வேகம் கூடியது. அரசு, பல்கலைக்கழகம், நிறுவனங்கள், குடிமக்கள் என நான்கு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கின்றன என்றுதான் திட்ட அறிக்கைகள் சொல்கின்றன.

அந்த நான்காவது நாற்காலியில் அவ்வப்போது உட்கார்ந்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் கருத்தைக் கேட்பதற்கு முன்பே, அந்தக் கருத்தால் எது மாறும், எது மாறாது, மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள்.

இப்படி ஏன் கேட்கிறேன் என்பதற்கு நான் போன ஒரு பட்டறையைச் சொல்ல வேண்டும். சுவரில் பெரிய வரைபடம். மேசை நிறைய மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள்கள். "இந்தத் தெருவில் உங்களுக்கு என்ன வேண்டும்? தயங்காமல் எழுதுங்கள்" என்றார்கள். மரம், பெஞ்ச், விளக்கு, கழிப்பறை, நிழல், குழந்தைகள் விளையாட இடம் என்று எழுதி ஒட்டினோம். கொஞ்ச நேரத்தில் வரைபடமே தெரியாத அளவுக்கு ஒட்டுத்தாள் மூடிக்கொண்டது. அதன் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டார்: "இந்தப் பெஞ்ச் எங்கே வரும்? இப்ப வண்டி நிறுத்துற இடத்திலயா, இல்ல நடைபாதையிலயா?" அதைப் பொறியியல் பிரிவு முடிவு செய்யும் என்று பதில் வந்தது. பெரியவர் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். மரம் வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? வெளிச்சம் வேண்டாம் என்று யார் எழுதுவார்கள்? என்ன வேண்டும் என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பட்டியல்தான் வரும். அதற்குப் பட்டறையே தேவையில்லை. தெருவின் அகலம் கூடப் போவதில்லை. பெஞ்ச் வந்தால் வேறு எதுவோ நகர வேண்டும். வண்டி நிறுத்துமிடம் போகலாம், தள்ளுவண்டிக்காரர் போகலாம், சரக்கு இறக்கும் இடம் போகலாம். எதை விட்டுக்கொடுப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்பதுதான் பொது இடத்தைப் பற்றிய உண்மையான விவாதம். அந்த விவாதத்தை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு, ஆசைகளைச் சொல்வதற்கு மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். சண்டை வரும் என்று பயமா? வரும்தான். உங்கள் முன்னால் வந்துவிட்டால், வேலை தொடங்கிய பிறகு நடுத்தெருவில் வராது.

1969லேயே அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் இதைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் இரண்டு படிகள் வெறும் ஏமாற்று. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேலே கூட்டுப் பொறுப்பு, அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது, மக்களே நடத்துவது. கருத்துக் கேட்பு நான்காம் படியில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நான் பார்த்த பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த நான்காம் படியில் நின்றுகொண்டு, கூட்டாக உருவாக்குகிறோம் என்று பேசின. எட்டாம் படிக்கு எங்களை ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாத் திட்டத்துக்கும் அது தேவையும் இல்லை. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை நேரத்தை விட்டுவிட்டு வருவதா வேண்டாமா என்று நாங்கள் தீர்மானித்துக்கொள்வோம்.

மக்கள் சொல்வதைக் கேட்டு நகரத்தை மாற்றுவது நடைமுறைக்கு ஒத்து வராது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். லிவிங் லேப் என்ற பெயரே இல்லாத காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் அது நடந்திருக்கிறது. 1947இல் பெர்டெல்மன்பிளைன் என்ற சின்னச் சதுக்கத்தில் மாநகராட்சி சோதனையாக ஒரு விளையாட்டிடம் அமைத்தது. வடிவமைத்தவர் ஆல்டோ வான் ஐக், அப்போது மாநகராட்சியில் வேலை பார்த்த இளம் கட்டடக் கலைஞர். அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. கான்கிரீட் விளிம்பு வைத்த ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் போட உலோகக் கம்பிகள், தாவி விளையாட வட்டக் கற்கள், பெரியவர்கள் உட்காரச் சில பெஞ்சுகள். வேலி போட்டு அடைக்கவில்லை. அதைப் பார்த்த மற்ற பகுதிக்காரர்கள் தங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் முனையில் ஒரு காலி மனை கிடக்கிறது, இங்கே போடலாமே என்று இடத்தையும் அவர்களே காட்டினார்கள். போருக்குப் பின் நகரம் முழுக்கச் சும்மா கிடந்த மனைகள் இப்படி ஒவ்வொன்றாக மாறின. 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் வந்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்தது வடிவமைப்பைவிட அந்த நிர்வாக ஏற்பாடுதான். முதலில் ஒன்றைச் செய்து காட்டினார்கள். கேட்கிறவர்கள் எழுதினால் படிக்க அங்கே ஆள் இருந்தது. எழுதியதற்கும் நடந்ததற்கும் தொடர்பு இருப்பதை எழுதியவர் தன் வாசலிலேயே பார்க்க முடிந்தது. பட்டறை, ஒருங்கிணைப்பாளர், முத்திரை வாசகம் எதுவும் தேவைப்படவில்லை. எங்களிடம் நீங்கள் வாங்கிப் போகும் ஒட்டுத்தாள்கள் அதன்பின் எங்கே போகின்றன என்று எங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

அப்புறம், கூட்டத்துக்கு வருகிறவர்களை மட்டும் 'மக்கள்' என்று கணக்கில் எடுக்காதீர்கள். வேலைநாளில் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், என்னைப் போல இந்த விஷயத்தில் ஆர்வம் முற்றியவர்கள். விடிகாலையில் அதே தெருவைக் கூட்டுகிறவர், நாள் முழுக்க அங்கேயே நின்று வியாபாரம் பார்க்கிறவர், இரவுப் பணி முடிந்து அந்த வழியாகத் தனியே நடந்துபோகும் பெண், பள்ளி விட்டதும் அங்கே சுற்றும் பையன்கள் எல்லாம் வரமாட்டார்கள். அந்த இடத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

வராதவர்களைக் கண்டுபிடிக்க முதல் வழி, போய் நின்று பார்ப்பது. 1990களில் வியன்னாவில் பூங்காக்களை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தார்கள். ஒன்பது பத்து வயது தாண்டியதும் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துவிடுகிறது, பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறைவதில்லை என்று தெரிந்தது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. இருப்பது ஒரே பெரிய பந்து மைதானம். அதற்கு இரண்டு தரப்பும் போட்டி போட்டால் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் விலகிவிடுவார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். திறந்த வெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள். நடைபாதைகளைக் கூட்டினார்கள். வலைவேலி போட்ட ஆடுகளத்துக்குள் போகவர வழியை அகலமாக்கினார்கள். கைப்பந்து, பூப்பந்து போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அந்தப் பத்து வயதுச் சிறுமியைக் கூட்டத்துக்கு அழைத்து மைக்கைக் கொடுத்திருந்தால் "வேலிக்கு இன்னொரு வாசல் வேண்டும்" என்று சொல்லியிருப்பாளா? சந்தேகம்தான். ஆனால் அவள் வராமல் இருந்ததே ஒரு கருத்து. அதைப் படிக்க நகர நிர்வாகத்தில் ஆள் இருந்தது.

இளையவர்களைப் பேச வைக்க வேறு வழிகளும் உண்டு. ஐநாவின் குடியிருப்புகளுக்கான அமைப்பான ஹேபிடாட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனமும் 2012 முதல் பல நாடுகளில் நடத்தும் 'பிளாக் பை பிளாக்' திட்டத்தில், குடியிருப்பவர்களே கணினியில் அந்த விளையாட்டைக் கொண்டு தங்கள் பொது இடத்தைக் கட்டிக் காட்டுகிறார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் அதில் சுவரை நகர்த்திவிடலாம். நல்ல உத்தி. கட்டிக் காட்டியதை வைத்து அடுத்த கட்டத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற பழைய கேள்வி அங்கேயும் காத்திருக்கும், அவ்வளவுதான்.

தற்காலிகமாகச் செய்து பார்ப்பதைப் பற்றி இனிச் சொல்கிறேன். உங்கள் முறையில் எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இதில்தான், அதிகம் தவறு நடப்பதும் இதில்தான். 2009 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வாகனங்களுக்கு மூடினார்கள். புதிய தளம் போடக்கூட இல்லை; தார்ச் சாலைமேல் மடக்கு நாற்காலிகளைப் போட்டார்கள், மக்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இது சோதனை, அளந்து பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அளந்தும் பார்த்தார்கள். திட்டப் பகுதியில் நடந்துபோகிறவர்கள் காயமடைவது 35 சதவீதமும் வாகனங்களில் இருப்பவர்கள் காயமடைவது 63 சதவீதமும் குறைந்ததாக நகரப் போக்குவரத்துத் துறையின் அறிக்கை சொன்னது. டாக்சிகளின் ஜிபிஎஸ் தரவை வைத்துப் போக்குவரத்து வேகத்தையும் பார்த்தார்கள். 2010 பிப்ரவரியில் ஏற்பாட்டை நிரந்தரமாக்கினார்கள். அது மேலிருந்து வந்த திட்டம்தான். அதை மக்கள் பங்கேற்புக்கு உதாரணமாகக் காட்ட மாட்டேன். சோதனை என்றால் அளவுகோலும் முடிவு நாளும் சேர்ந்து வர வேண்டும் என்பதற்கு மட்டும் அது நல்ல உதாரணம்.

பார்சிலோனாவின் கதை வேறு. 2016 செப்டம்பரில் போப்ளெனோ பகுதியில் ஒன்பது கட்டடத் தொகுதிகளைச் சேர்த்து ஒரு 'சூப்பர் பிளாக்' அமைத்தார்கள். ஊடாகச் செல்லும் வாகனங்களை வெளிச்சாலைக்குத் திருப்பிவிட்டு, உள்ளே கட்டடக் கலை மாணவர்களைக் கொண்டு பெயின்ட், பழைய டயர், பூந்தொட்டி என்று மலிவாக ஆரம்பித்தார்கள். திடீரென்று தெருவின் திசை மாறியதைப் பார்த்த குடியிருப்பாளர்கள் பலர் கொதித்துப் போனார்கள். எங்களைக் கேட்கவில்லை என்பதுதான் முதல் புகார். ஆதரித்தவர்களும் அணி சேர்ந்தார்கள். பிறகு விளையாட்டிடம், மேசைகள் எல்லாம் சேர்த்து ஏற்பாட்டைத் திருத்தினார்கள். எதிர்ப்பு மெல்ல அடங்கியது. அடுத்து வந்த சான்ட் அந்தோனி பகுதியில் அங்கிருப்பவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்கள். யோசனை ஏறக்குறைய அதேதான், மாறியது வரிசை. தற்காலிகம்தானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பது எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு போப்ளெனோவின் முதல் ஆண்டைப் பாருங்கள்.

தெருவில் குடியிருப்பவர்களே சோதனையை நடத்துவதும் முடியாத காரியம் இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 2013இல் தொடங்கிய 'வாழும் தெரு' முயற்சியில், அந்தந்தத் தெருக்காரர்கள் சில வாரம், சில மாதம் தெருவை வாகனங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, செயற்கைப் புல், மேசை, விளையாட்டுப் பொருள் என்று தாங்களே போட்டுப் பார்த்தார்கள். கார் எங்கே நிற்கும், பொருள் கொண்டுவருகிற வண்டி எப்படி வரும் என்று அக்கம்பக்கத்தில் பேசித் தீர்க்க வேண்டியதும் அவர்கள்தான். காலம் முடிந்ததும் தெரு பழையபடி திறந்தது. பிடிக்காதவருக்கு ஒரு நாள் இது முடியும் என்ற நிச்சயம் இருந்ததால், கொஞ்சம் பொறுத்துக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொரு வகை லேப் இருக்கிறது. அங்கே எங்களைக் கேட்பதைவிட அளப்பதுதான் முக்கியம். நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் ஸ்ட்ராட்டும்செய்ன்ட் என்ற மதுக்கடைத் தெரு லிவிங் லேப் ஆனது. கேமரா, ஒலி உணரிகள், கூட்டத்தின் மனநிலைக்கு ஏற்ப மாறும் விளக்குகள் எல்லாம் வைத்தார்கள். அங்கே மாலை வேளையைக் கழிக்கப் போகிறவர்களுக்குத் தாங்கள் ஒரு ஆய்வுக்குள் நுழைகிறோம் என்பதே தெரியாது என்ற விமர்சனம் எழுந்தது. டொரண்டோவில் ஏரிக்கரையை ஒட்டிய 12 ஏக்கரில் உணரிகள் நிறைந்த ஒரு பகுதியைக் கட்ட, கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் 2017இல் வந்தது. கலந்தாய்வுக் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சேகரிக்கிற தரவு யாருடையது என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை. ஆலோசகராக இருந்த தனியுரிமை நிபுணர் ஆன் கவூக்கியன் 2018இல் விலகினார். 2019இல் வெளியான திட்டமோ 12 ஏக்கரைத் தாண்டி 190 ஏக்கர் வரை கை நீட்டியது. குடிமக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2020 மே மாதம் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் காட்டி நிறுவனம் வெளியேறியது. நீங்கள் உணரி வைக்கும் இடத்தில் என்ன பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதைத் தெருவில் நிற்கிறவர் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். இணையதளத்தின் அடியில் போட்டால் போதாது.

சரி, மக்கள் சொன்னால் எல்லாம் நியாயமாகிவிடுமா? ஆகாது. பெஞ்ச் போட்டால் வேண்டாதவர்கள் வந்து உட்காருவார்கள் என்று பெஞ்சையே எதிர்க்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அப்படிச் சொன்னவர்களும் மக்கள்தான், அந்தப் பெஞ்சில் உட்காரக்கூடியவரும் மக்கள்தான். ஒரு தரப்புக்கு மட்டும் அழைப்பு போயிருந்தது. அதனால்தான் எது மாறாது என்பதையும் எழுதச் சொல்கிறேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை வாக்கெடுப்புக்கு விடக்கூடாது. 2030க்குள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோருக்கும் பாதுகாப்பான பொது இடம் என்பது ஐநாவின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.7ஆவது. அதை 2015இல் ஐநா உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டன. அதை அடித்தளமாக வைத்துவிட்டு, அதற்கு மேல் பேச எங்களை அழையுங்கள்.

கேள்வியையே தவறாகக் கேட்டால் எவ்வளவு அழகான இடமும் கைநழுவிப் போகும். நியூயார்க்கின் ஹை லைன், கைவிடப்பட்ட மேம்பால ரயில் பாதைமேல் அமைந்த பூங்கா. இடிக்கவிருந்த பாதையைக் காப்பாற்ற 1999இல் இரண்டு பகுதிவாசிகள் தொடங்கிய அமைப்புதான் அதைச் சாத்தியமாக்கியது, 2009இல் திறந்தார்கள். மக்கள் முயற்சிக்கு அதைவிடப் பெரிய வெற்றி எது? ஆனால் சுற்றுப்புறத்தில் வீட்டு விலை ஏறியது. அருகிலேயே இருந்த அரசுக் குடியிருப்புகளின் மக்கள் அந்தப் பூங்காவில் குறைவாகத்தான் தென்பட்டார்கள். தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட் 2017இல் இதை வெளிப்படையாகவே பேசினார்: வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதில், உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்க வேண்டும் என்ற பொருளில். அப்படிக் கேட்டிருந்தால் வேலை, கட்டுப்படியாகும் வீடு என்றுதான் பதில் வந்திருக்கும். அது உங்கள் துறை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். வாடகை ஏறும்போது பெட்டியைக் கட்டப் போகிறவர்களுக்குத் துறைப் பிரிவினை தெரியாது.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக: உங்கள் மானியம் மூன்று நான்கு ஆண்டில் முடிந்துவிடும், எங்கள் தெரு முடியாது. சோதனையைப் புதுமைப் பிரிவு நடத்துகிறது. சாலை பொறியியல் பிரிவிடம், விளக்கு மின்பிரிவிடம், குப்பை சுகாதாரப் பிரிவிடம். திட்டம் முடிந்ததும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற யாருமில்லை, கழன்ற பெஞ்ச் பலகையை மாட்ட எந்தப் பிரிவின் கணக்கிலும் பணமில்லை. காய்ந்த செடியைப் பார்த்து, மக்களுக்கு அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். ஆரம்பத்திலேயே எந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளும் என்று கையெழுத்து வாங்காத சோதனையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் உங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் அது சம்பள நேரம். எங்களில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது இழந்த கூலி. வெளியிலிருந்து நிபுணரை அழைத்தால் கட்டணம் தருகிறீர்கள். அந்தத் தெருவை இருபது வருடமாக அறிந்தவருக்குத் தேநீரோடு சரி. பங்கேற்புக்கு ஈடுகட்டும் தொகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், மாலை நேரக் கூட்டம் ஆகியவற்றை வரவுசெலவில் தனி வரியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப என்னைப் போன்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் 1970களில் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்து மனிதர்களைக் கவனித்தபோது ஒன்றைக் கண்டார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், பலர் உட்காரும் முன் அதைச் சில அங்குலம் நகர்த்துகிறார்கள். வெயிலுக்காகவும் இல்லை, பேச்சுத் துணைக்காகவும் இல்லை. சில நேரம் பழைய இடத்துக்கே திரும்ப வருகிறது. ஆனாலும் நகர்த்துகிறார்கள். 1992இல் அதே நகரில் திரும்பத் திறந்த பிரையன்ட் பூங்காவில் அப்படிப்பட்ட நாற்காலிகளைத்தான் போட்டார்கள். திருட்டுப்போய்விடும் என்ற பயத்துக்காகத் தரையோடு பூட்டி வைக்கவில்லை. எங்களுக்கும் உங்கள் திட்டத்தில் தேவை அப்படியான சில அங்குலங்கள்தான்.

ஆகவே அடுத்த முறை சோதனை தொடங்கும் முன், அந்த இடத்திலேயே ஒரு பலகை வையுங்கள். எது மாறலாம், எது மாறாது, எதை அளக்கிறீர்கள், எந்தத் தேதியில் முடிவு, முடிவெடுக்கும் அதிகாரியின் பதவி, வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னால் பழைய நிலைக்குத் திருப்ப ஒதுக்கிய தொகை, முடிந்தபின் பராமரிக்கும் பிரிவு. ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. சோதனை முடிந்ததும் நாங்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அதே பலகையில் இன்னொரு பக்கம். ஏற்காததற்குக் காரணம் சொன்னால் கோபப்பட மாட்டோம் என்று எல்லோர் சார்பிலும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அடுத்த கூட்டத்துக்கு வருவோம் என்று சொல்ல முடியும். கூட்டத்தை மாலை 7 மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
நான்காவது நாற்காலியிலிருந்து ஒருவர்